இரண்டு விளக்கும் சேர்ந்து எரிந்தால்

டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் மற்ற ஊர்க்காரர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். ஈப்போவில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் லியோங்கைக் கூப்பிடுவார்கள். கடவுளாவது கொஞ்சம் யோசிப்பார். இவன் யோசிக்கிற ஜாதியே இல்லை.

முழுப் பெயர் லியோங் சீ ஃபூ. மெங்லெம்புவில் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைச் சுவரை ஒட்டித்தான் அவன் பட்டறை. மெக்கானிக் என்று சொன்னால் கோபம் வந்துவிடும், அவன் வயர்மேன். எஞ்சினைத் தொட மாட்டான், கையில் கருப்பு எண்ணெய் படுவது பிடிக்காது. வயர், ஃப்யூஸ், விளக்கு, இவ்வளவுதான் அவன் உலகம். பதினேழு வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் தவமணி என்கிற நான், அந்தப் பக்கம் அவன். என்னை அக்கா என்பான். நான் அவனை வாடா போடா என்பேன். என்னைவிட எட்டு வயது சின்னவன், அதற்குமேல் மரியாதை என்னால் முடியாது.

அவனுக்குத் தொழில் வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பதினாறு வயதில் சொந்த ஊர் கோப்பெங்கை விட்டுக் கிள்ளான் பக்கம் ஓடிப்போய், பாதி வண்டி விற்கிற யார்டில் சேர்ந்தான். ஜப்பானில் ஓடி முடித்த கார்களை நடுவில் வெட்டி, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். எஞ்சின், டாஷ்போர்டு, வயர் எல்லாம் அந்தப் பாதியில்தான் இருக்கும். வயர் ஒன்றுகூட அறாமல் டாஷ்போர்டை முழுதாகக் கழற்றி எடுப்பது லியோங்கின் வேலை. ஆறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கழற்றினானோ, கண்ணைக் கட்டிவிட்டு வயரைத் தடவக் கொடுத்தால்கூட வண்டியின் பெயரைச் சொல்வான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை. ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

போனிலேயே வைத்தியம் பார்ப்பான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான். நின்று கேட்கிற டாக்ஸிக்காரர்கள் செகண்டு எண்ணுவார்கள். ஆயில் விளக்கு சூட்டில் மட்டும் மினுக்குதா? சென்சார். மழை பெய்த மறுநாள் எஞ்சின் விளக்கா? இக்னிஷன் காயில் நனைஞ்சிருக்கு. பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்து எரியுதா? ஆல்டர்னேட்டர். அந்தக் கடைசிக் கேள்வி அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பழைய ஜப்பான் வண்டிகளில் மின்சாரம் செய்கிற அந்த ஆல்டர்னேட்டர் கெட்டுப்போனால், எதற்கும் சம்பந்தமில்லாத பிரேக் விளக்கும் கூடச் சேர்ந்து எரியும். வயர் போகிற வழி அப்படி. ஜனங்கள் பிரேக் விளக்கைப் பார்த்து நடுங்குவார்கள், இவன் சிரித்துத் தைரியம் சொல்வான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகவும் இருக்கும்.

இத்தனை பேருக்குத் தைரியம் சொல்கிறவனுக்கு மலை என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் ஏதோ பஸ்ஸில் வளைவில் வைத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தானாம். அதிலிருந்து கேமரன் மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த மலைமேல் பிரிஞ்சாங்கில் சொந்த அக்கா மகள் கல்யாணம், அதற்கும் வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். நான் கேலி பண்ணாத நாள் கிடையாது.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும், மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. ரிலே ஒன்று கொடுக்க அவன் பட்டறைக்குப் போயிருந்தேன். போன் அடித்தது.

"ஹலோ, வயர்மேன் அங்கிளா? என் பேரு ஹஸ்லீனா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். கூட வேலை பாக்குற மெய் லிங் உங்க நம்பர் குடுத்தா."

"சொல்லும்மா. என்ன வண்டி?"

"பழைய ரெண்டு கதவு காரு அங்கிள். சுவிட்சைப் போட்டா முன்லைட்டு ரெண்டும் மேல எந்திரிக்கும்ல, அது. போன மாசம்தான் ஆசைப்பட்டு வாங்குனேன்."

"ஆசைப்பட்டா அனுபவிக்கணும். எந்த லைட்டு எரியுது?"

"பேட்டரியும் பிரேக்கும். ரெண்டும் சேர்ந்து."

லியோங் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அல்வா வந்துவிட்டது.

"வளைவுல திரும்புனா எரியுது அங்கிள், நேரா வந்தா அணைஞ்சுடுது."

"பெல்ட்டு லூசு. திரும்பறப்ப வழுக்குது."

"ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் ரெண்டும் சேர்ந்துதான் எரியும். வாங்குனப்பலேர்ந்தே அப்படித்தான். அது சரிதானே?"

"சரிதான், சரிதான். பழைய வண்டில்ல. இப்ப எங்க இருக்கே?"

"கேமரன்லேர்ந்து சிம்பாங் பூலாய் ரோட்டுல இறங்கிட்டிருக்கேன். வியூ பாயிண்டுல நிறுத்தித்தான் பேசறேன். அம்மா கூட இருக்காங்க. பிரேக் லைட்டுன்னதும் பயமா இருக்கு அங்கிள்."

லியோங் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"பிரேக்குக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆல்டர்னேட்டர்தான் பெல்ட்டோட மல்லுக்கட்டுது. ஏசி, ரேடியோ ரெண்டையும் அணை. எஞ்சினை அணைச்சுடாதே, அணைச்சா மறுபடி கிளம்பாது. எங்கயும் நிறுத்தாம நேரா என் பட்டறைக்கு வா. இன்னொண்ணு, கியரைக் குறைக்காதே. எஞ்சின் அலறுனா பெல்ட்டு அறுந்துடும். பெரிய கியர்லயே மெதுவா வா."

பின்னாலிருந்து ஒரு வயதான குரல் கேட்டது. "அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்னு சொல்லு லீனா!"

போன் அணைந்தது. "முழுசா ஒரு நிமிஷம் எடுத்துக்கிட்டே, வயசாகுதுடா உனக்கு" என்றேன். "பொம்பளைப் புள்ள பயந்துருக்கு, அதான் பொறுமையாப் பேசுனேன்" என்றான். பேசிக்கொண்டே அங்கே நின்ற ஒரு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தான். டேப் ஓடவில்லை என்று விட்டுப்போன வண்டி. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பி, பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

இழுத்தவன் அப்படியே இருந்தான். விட்டான். மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவையும் இழுத்தான்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுதான் எரியுது அக்கா."

"ஒண்ணுதானே எரியணும்?"

"ஆமா" என்றான். "ஒண்ணுதான் எரியணும்."

டாக்ஸியிலிருந்து இறங்கியவன் மேசைக்கு ஓடிப் போனை எடுத்து அழுத்தினான். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல். மறுபடி அழுத்தினான். மறுபடி அதே குரல். அந்த ரோட்டில் வியூ பாயிண்டைத் தாண்டினால் போன் எடுக்காது, எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"உன் வேன் சாவி குடு அக்கா."

"எதுக்கு? என்னன்னு சொல்லித் தொலை."

"வேன்ல சொல்றேன். நீயே ஓட்டு. நான் போலீஸுக்குப் போன் போடணும்."

கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஷட்டர்கூட இறக்கவில்லை. சிம்பாங் பூலாய் சிக்னல் வருவதற்குள் போலீஸுக்குப் போன் போட்டு, சாம்பல் நிறமா சிவப்பா என்று தெரியாத ஒரு ரெண்டு கதவு காரை மலையில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினான். நம்பர் என்ன என்று கேட்டார்கள். இவனுக்குத் தெரியவில்லை. பார்க்கிறோம் என்றார்கள்.

"இப்பச் சொல்றியா, இல்ல வண்டியை நிறுத்தவா?"

சொன்னான். எட்டு வருஷத்துக்கு முன்பு ஒருத்தன் அந்த மாதிரிக் காரைக் கொண்டுவந்தான். டாஷ்போர்டு செத்துப்போயிருந்தது. லியோங் பாதி வண்டியிலிருந்து வேறு ஒன்றை எடுத்து மாட்டினான். எல்லாம் பொருந்தியது, பேட்டரி விளக்குக்கு வயர் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் வண்டிப் பரிசோதனை. சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் எரிந்து காட்ட வேண்டும், பிறகு அணைய வேண்டும், அப்போதுதான் விடுவார்கள்.

"பிரேக் லைட்டு வயர்லேர்ந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இழுத்து, பேட்டரி லைட்டுக்குக் குடுத்துட்டேன். பிரேக் லைட்டு எரிஞ்சா அதுவும் எரியும், அணைஞ்சா அதுவும் அணையும். பாஸாயிடுச்சு. அப்புறம் வந்து ஒழுங்கா மாத்திக்கோன்னு சொன்னேன். அவன் வரல. நானும் மறந்துட்டேன்."

"சரி, இப்ப என்ன?"

"ஹேண்ட் பிரேக் இழுத்தா ரெண்டு லைட்டும் எரியற வண்டியை எந்தக் கம்பெனியும் பண்ணல அக்கா. நான் பண்ணுனது. அந்தப் பொண்ணு சொன்னா. என் வாயால சரிதான் சரிதான்னேன். அந்த ரெண்டு லைட்டும் ரெண்டு இல்ல, ஒண்ணுதான். எரியறது பிரேக் லைட்டு. பிரேக் ஆயில் ஒழுகிக் குறைஞ்சிருக்கு. வளைவுல மிச்ச ஆயில் ஒரு பக்கம் சாயறப்ப எரியுது, நேரா வந்தா அணையுது. அதையும் சொன்னா. பெல்ட்டுன்னேன்."

"அவளை என்ன பண்ணச் சொன்னே?"

எனக்கே ஞாபகம் வந்தது. நிறுத்தாதே என்றான். பெரிய கியரில் வா என்றான்.

"பெரிய கியர்ல வந்தா?"

"எஞ்சின் வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது. மொத்தத்துக்கும் பிரேக்கைத்தான் மிதிக்கணும். மிதிக்க மிதிக்க ஆயில் வெளிய போகும்." போனை மறுபடி அழுத்தினான். "நானே சொல்லிக் குடுத்து அனுப்பிருக்கேன் அக்கா."

"நீயெல்லாம் மனுஷனாடா!" என்று கத்தினேன். அறைந்திருப்பேன், கை ஸ்டீயரிங்கில் இருந்தது. நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திய அந்தக் குரல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

கல்லுடைக்கிற இடங்களைத் தாண்டியதும் ரோடு ஏற ஆரம்பித்தது. மழை பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் வளைவில் தலையைக் காட்டுகிறபோது இருவரும் கதவை எண்ணுவோம். காய்கறி லோரி. டூரிஸ்ட் பஸ். வெள்ளைக் கார், நான்கு கதவு. மறுபடி லோரி. பள்ளத்தைப் பார்த்தால் செத்துவிடுவேன் என்கிற மனுஷன் ஜன்னலை இறக்கி, மழையில் தலையை வெளியே நீட்டி, ஒவ்வொரு வளைவிலும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கீழே பார்த்தான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"கம்பி எங்கயாவது உடைஞ்சிருக்கான்னு நீயும் பாரு அக்கா."

"நான் ரோட்டைப் பாக்கவா, கம்பியைப் பாக்கவா?"

"ரெண்டையும் பாரு."

முப்பதாவது கிலோமீட்டர் கல்லுக்கு அப்பால் ஒரு வளைவு. ஓரமாக ஏழெட்டு வண்டி நின்றது. ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வளைந்து கிடந்தது.

"அலமாக், ஐயையோ" என்றான் லியோங், மூச்சு மாதிரி. கதவைத் திறந்தான். திரும்ப உட்கார்ந்துவிட்டான். "நீ போய்ப் பாரு அக்கா. என்னால முடியாது. நீ பாத்துச் சொல்லு."

எனக்கு மட்டும் முடியுமா? ஆனாலும் இறங்கினேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். கீழே பார்ப்பதற்கு முன் ஒரு கிழவரின் கையைப் பிடித்து, "காரா?" என்று கேட்டேன். "கோஸ் லோரி" என்றார். "டிரைவர் குதிச்சுட்டான், காலு மட்டும் சுளுக்கு." பள்ளம் முழுக்க முட்டைகோஸ் உருண்டு கிடந்தது. அடுத்தவன் லோரி கவிழ்ந்ததற்கு அழுது சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேனுக்கு ஓடிவந்து சொன்னேன். அவன் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டிருந்தான். "அப்ப இன்னும் மேலதான் இருக்கா" என்றான். "இன்னும் இறங்கிட்டேதான் இருக்கா."

எட்டு கிலோமீட்டர் போயிருப்போம். மழை விட்டிருந்தது. இறக்கம் நேராகக் கீழே விழுந்து, சட்டென்று இடதுபக்கம் ஒடிகிற ஓர் இடம். அங்கே மலைச்சுவரை ஒட்டின சாக்கடையில் இடது சக்கரங்கள் இரண்டும் இறங்கி, ஒரு சாம்பல் நிறக் கார் சாய்ந்து கிடந்தது. முன்விளக்கு ஒன்று மேலே எழுந்து நின்றது, இன்னொன்று நசுங்கியிருந்தது. நூறு அடிக்குப் பின்னாலிருந்தே சுவரில் உரசின கோடு வந்தது. அந்தக் கோடு முடிந்த இடத்திலிருந்து வளைவுக்கு இருபது அடிகூட இல்லை. வளைவுக்கு அப்பால் வெறும் மேகம்தான்.

ரோட்டோரக் கல்லில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு. இளையவள் தன் தலைத்துணியின் மேல்சுற்றைக் கழற்றி, மடக்குக் குடையைக் கட்டையாக வைத்து அம்மாவின் கையைக் கட்டியிருந்தாள். நர்ஸ் அல்லவா. அம்மாவின் மணிக்கட்டு உடைந்திருந்தது, நெற்றியில் ரத்தம். லியோங் வேன் நிற்பதற்குள் குதித்து ஓடினான். மலை, பள்ளம் எதுவும் அப்போது அவனுக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"ஹஸ்லீனா?"

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். "அங்கிள்! நீங்களேவா வந்தீங்க?" என்று எழுந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க அங்கிள். நீங்க சொன்னபடிதான் வந்தேன். பாதி வழியில பெடல் மெத்துமெத்துன்னு உள்ள போச்சு. அப்புறம் மிதிச்சா தரையைத் தொட்டுடுச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு. உங்க பேச்சை மீறி கியரைக் குறைச்சுட்டேன். பெல்ட்டு அறுந்தாலும் பரவால்லன்னு ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, செவுத்துல கொண்டுபோய் உரசிட்டேன். பெல்ட்டு போயிருக்கும்ல? நாந்தான் கெடுத்துட்டேன்."

அவன் பேச்சை மீறியதால் பிழைத்தவள், மீறியதற்காக அவனிடமே மன்னிப்புக் கேட்கிறாள். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கேவலமான நினைப்பும் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்: பேசாமல் இருந்துவிடடா, யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆல்டர்னேட்டரும் கெட்டது பிரேக்கும் கெட்டது என்று சொல்லிவிடு. அவன் தொழிலே அந்த வாய்தானே. அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் நினைத்தது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

பேசாமல் போய்ச் சாய்ந்து கிடந்த காரின் கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தலையை நுழைத்தான். டாஷ்போர்டு மூடி கழன்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பட்டென்று எதையோ இழுத்தான். வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டு மஞ்சள் வயர். விரல் நீளம்தான். அதைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தான். கம்ஸியா என்று பெயர் அவருக்கு, பிறகுதான் தெரிந்துகொண்டோம். வயதான மலாய்ப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி மக்சிக் என்றுதான் அவன் கூப்பிட்டான்.

"மக்சிக், உங்க பொண்ணு எதையும் கெடுக்கல. நான்தான். இது என் கை வேலை." முழுக்கச் சொன்னான். எட்டு வருஷத்துக் கதையும், இன்று மதியத்துக் கதையும். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "வண்டியே லைட்டைப் போட்டுக் காட்டுச்சு. உங்க பொண்ணும் சரியாத்தான் சொன்னா. நான்தான் சிரிச்சுக்கிட்டே உங்களை இந்தப் பள்ளத்துக்கு அனுப்புனேன்."

ஹஸ்லீனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை நின்றுபோயிருந்தது. கை ஓங்குவாள் என்று நினைத்தேன், ஓங்கவில்லை. பின்னால் நகர்ந்து, அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

அம்மா அடிபடாத கையை நீட்டி அந்த வயரை வாங்கிப் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதா?" என்றார். பிறகு, "இந்த மாதிரி இன்னும் எத்தனை வண்டிக்குப் பண்ணிருக்கே?"

லியோங் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். அதற்குள் போலீஸ் வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அம்மா வயரைத் திருப்பித் தரவில்லை, கையில் வைத்துக்கொண்டே ஏறினார்.

வேனைத் திருப்பினேன். இறங்க வேண்டும். என் டாஷ்போர்டைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஒரு விளக்குகூட எரியவில்லை. பதினோரு வருஷ வேன், மூன்று தடவை பரிசோதனைக்குப் போயிருக்கிறது, மூன்று தடவையும் அதற்கு முந்தின நாள் பக்கத்துப் பட்டறையில்தான் நின்றது. ஒரு விளக்கும் எரியாததைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினேன்.

"லியோங், என் வேனுக்கு?"

அவன் திரும்பி என் டாஷ்போர்டைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்ல அக்கா."

"ஞாபகம் இல்லைன்னா என்னடா அர்த்தம்?"

"ஞாபகம் இல்லைன்னுதான் அர்த்தம். அந்த நாள்ல வாரத்துக்கு ரெண்டு மூணு வரும். நாளைக்குப் பரிசோதனைன்னு வந்து நிப்பாங்க. எரியாத லைட்டுக்கு எரியற லைட்லேர்ந்து ஒரு துண்டு. அணையாத லைட்டுக்கு வேற ஒரு துண்டு. தப்புன்னே தோணல அக்கா. எல்லாரும் நன்றி சொல்லிட்டுப் போனாங்க."

இறங்கி, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னான். ஒரு விளக்கு எரிந்தது, ஒன்றே ஒன்று. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான், நிறைய இருந்தது. அதன் மிதவை வயரைத் தொட்டு விளக்கு எரிகிறதா என்றும் பார்த்தான். எரிந்தது. நன்றாக இருக்கிறது என்றான். நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லிக் கேட்டு நான் நம்பாதது அதுதான் முதல் தடவை. முதல் கியரில் போட்டேன். முப்பத்தெட்டு கிலோமீட்டரும் முதல் கியரிலும் இரண்டாவதிலுமாகவே இறங்கினேன். பின்னால் லோரிக்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

வழி நெடுக அவன் என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். பத்து காங் ஊரில் பச்சைக் கார், டீச்சர். தாசேக் பக்கம் நீல வண்டி, அண்ணன் தம்பி இரண்டு பேர். புசிங் கோழிக்கடைக்காரன், மஞ்சள். எழுதி எழுதிப் பத்தொன்பது வந்தது. அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது.

"மிச்சம்?"

"முகம் தெரியுது அக்கா. கோப்பி வாங்கிக் குடுத்தது, பேசுனது எல்லாம் ஞாபகம் இருக்கு. பேரு தெரியல, நம்பர் தெரியல. வண்டியை வித்துருப்பாங்க. ஹஸ்லீனா மாதிரி யாராவது ஆசைப்பட்டு வாங்கிருப்பாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எந்த ரோட்டுல ஓடுதுன்னு தெரியல."

சிம்பாங் பூலாய் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேலை விட்டு வீட்டுக்குப் போகிற நேரம், மூன்று வரிசையிலும் வண்டிகள். எங்களுக்கு இடதுபக்கம் ஒரு பழைய இரண்டு கதவு கார் வந்து நின்றது, பளபளவென்று துடைத்து வைத்த கருப்பு. ஓட்டுகிறவன் வாலிபன். பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக டாஷ்போர்டு தெரிந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை.

லியோங் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். "டேய், பச்சை விழப்போகுது!" என்று கத்தினேன். கேட்கவில்லை. குனிந்து அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினான். வாலிபன் பயந்துபோய்க் கொஞ்சமாக இறக்கினான்.

பச்சை விழுந்தது. பின்னால் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். லியோங் கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரே ஒரு தடவை" என்றான். "ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் காட்டு."